பால்கனி மாமா பார்க்காத முடிவு

கல்ஃபில் வளர்ந்த நம் வயதுக்காரர்களுக்குத்தான் இது சட்டென்று புரியும். இன்றைக்குத் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, ‘எப்பப் பார்த்தாலும் ஃபோனா’ என்று பிள்ளைகளைத் திட்டுகிற நாம் எல்லாருமே ஒரு காலத்தில் கறுப்புப் பை தூக்கி வரும் சீனாக்காரிக்காகக் கதவோரம் காத்துக் கிடந்தவர்கள்தானே. அவள் பெல் அடித்து, ‘டிவிடி, டிவிடி’ என்று மெதுவாகச் சொல்லி, வாட்ச்மேன் வருகிறானா என்று ஒரு கண்ணைப் படிக்கட்டில் வைத்துக்கொண்டே பையைப் பிரிப்பாள். ஒரே வட்டில் நாலு படம். அட்டையில் இருக்கும் படம் உள்ளே இருக்காது. உள்ளே இருப்பதும் முழுசாக இருக்காது. ஆனாலும் வாங்குவோம்.

நான் சொல்லப்போவது அப்படி வந்த ஒரு படத்தைப் பற்றி. ஒரு கோடை விடுமுறை பூராவும் எங்கள் வீட்டை ஆட்டிப்படைத்த படம் அது.

ஷார்ஜாவில் முவைலா பக்கம் எங்கள் ஃப்ளாட். இப்போது அங்கே போனால் எனக்கே வழி தெரியாது. அப்போது ஒரு கட்டடம், ஒரு மணல் காலியிடம், மறுபடி ஒரு கட்டடம் என்று பல் விழுந்த வாய் மாதிரி கிடந்தது அந்தத் தெரு. வாப்பாவுக்கு ரோலாவில் துணிக்கடையில் வேலை. கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் குடும்பம்: வாப்பா, உம்மா, நான், தம்பி. அந்த வருஷம் டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டு ஊருக்குப் போகும் பேச்சையே உம்மா எடுக்கவில்லை. வாடகையைச் சமாளிக்க பால்கனியை பிளைவுட் போட்டு அடைத்து ஓர் ஆளுக்கு விட்டிருந்தோம். அந்த ஆள்தான் பால்கனி மாமா.

மாமாவுக்கு ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். வாப்பாவை ‘பாய்’ என்பார், உம்மாவை ‘அக்கா’ என்பார், என்னைத் ‘தாயி’ என்பார். அல் ஐனில் ஒரு அரபியின் பேரீச்சந் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். வந்த பிறகு ஊரில் மகள் பிறந்தாள். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று லீவு கேட்டிருக்கிறார். தோட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்துக் கடைசியில் முடியாது என்றுவிட்டான். கோபத்தில் மாமா ஒரு பையோடு கிளம்பி வந்துவிட்டார். பாஸ்போர்ட், கஃபீல் என்கிற அந்த முதலாளி அரபியின் வீட்டுப் பெட்டியில். நம் ஆட்கள் இதற்கு ‘கல்லிவல்லி’ என்று ஒரு பேர் வைத்திருந்தார்களே, அதுதான் மாமாவின் நிலைமை. பேப்பர் கிடையாது, போலீஸ் பிடித்தால் உள்ளே. ஊருக்குப் போகவும் முடியாது, இங்கே தலை நிமிர்ந்து நடக்கவும் முடியாது. பேப்பர் இல்லாதவர்களுக்குப் பொதுமன்னிப்பு வரும் வரும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அது வருகிற வழியைக் காணோம்.

டைல்ஸ் ஒட்டுகிற வேலைக்கு ரகசியமாகப் போய் வருவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் வெள்ளை சிமெண்ட் வாசனை அடிக்கும். ஆகஸ்டு மாதத்தில் அந்த பிளைவுட் சூடேறி ஒரு நெடி கிளம்பும். இன்றைக்கும் எங்காவது புது அலமாரியைத் திறந்தால் எனக்கு மாமா ஞாபகம்தான் வரும். பெட்ஷீட்டை நனைத்துப் போர்த்திக்கொண்டு படுப்பார். ரொம்ப முடியாத நாளில் வாப்பா ஹாலில் வந்து படுக்கச் சொல்வார். அவரோ வரமாட்டேன் என்று அடம்பிடிப்பார். பெண்பிள்ளை இருக்கிற வீடாம்.

வாரத்துக்கு ஒரு நாள் காலிங் கார்டைச் சுரண்டி ஊருக்குப் பேசுவார். மகளுக்கு அப்போது பேச்சு நன்றாக வந்துவிட்டது. ஆனால் அப்பா என்றால் அது ஃபோன் என்றுதான் அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தது. அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் ஓடிப்போய் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டுமாம். இதை மாமா சிரித்துக்கொண்டேதான் சொல்வார். உம்மா மட்டும் ஏதோ அடுப்பில் வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவாள்.

அந்தப் படத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் அந்தக் காலத்துக் கதை. நீளமான கறுப்புக் கார்கள், எல்லார் தலையிலும் தொப்பி. ஒருவன் ஊர் ஊராகப் போய் பேங்குகளைக் கொள்ளையடிக்கிறான். அவனைத் துரத்திக்கொண்டு ஒரு போலீஸ் கூட்டம். அதன் தலைவர் ஒல்லியான, இருமல்காரர். எந்நேரமும் வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டே இருப்பார். கொள்ளைக்காரனுக்கு நாங்கள் தொப்பிக்காரன் என்று பேர் வைத்தோம். அதிகாரிக்கு வேர்க்கடலை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, சோறு முடிந்து, ஆரஞ்சுப் பவுடர் கலந்த தண்ணியோடு உட்காருவோம். படம் ஆங்கிலத்தில். எழுத்து கீழே சீன மொழியில் ஓடும். வீட்டில் இங்கிலீஷ் புரிகிறவள் நான்தான் என்பதால் மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. அந்தக் காலத்து அமெரிக்க இங்கிலீஷ் எனக்கும் பாதிதான் புரியும், மீதியை நானே போட்டுக்கொள்வேன். வாப்பா தரையில் ஒரு தலையணையைப் போட்டு, முகத்தில் துண்டை விரித்துத் தூங்கிவிடுவார். படம் என்றாலே அவருக்கு ஆகாது. உம்மா பாதி பார்ப்பாள். உயிரைக் கொடுத்துப் பார்த்தது மாமாதான்.

தொப்பிக்காரன் பேங்குக்குள் நுழையும்போது மாமா எங்களைப் போல ஆர்ப்பாட்டம் செய்யமாட்டார். அவன் தப்பி ஓடி, யாருமில்லாத ஒரு லாட்ஜ் அறையில் காலுறையைத் துவைத்து ஜன்னலில் காயப்போடுகிற இடம் ஒன்று உண்டு. அங்கேதான் முன்னால் நகர்ந்து உட்காருவார். படியில் காலடிச் சத்தம் கேட்டால் தொப்பிக்காரன் மூச்சைப் பிடித்துக்கொள்வான். மாமாவும் பிடித்துக்கொள்வார்.

“ஏன் தாயி, இவன் பேசாம ஊருக்குப் போயிரலாம்ல?” என்று ஒரு நாள் கேட்டார். போக முடியாது மாமா, எல்லா ஸ்டேஷனிலும் அவன் ஃபோட்டோவை ஒட்டியிருக்கிறார்கள் என்று விளக்கினேன்.

இனிமேல்தான் விஷயம். கடைசிக் காட்சியில் தொப்பிக்காரன் சொந்த ஊருக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு ஒரு பெரிய ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். கூட்டம் விலகும். தூரத்தில் வேர்க்கடலை நடந்து வருவார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிடுவார்கள். தொப்பிக்காரன் ஓடமாட்டான். வேர்க்கடலை கோட்டுக்குள் கையை விடுவார். அவ்வளவுதான், படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். எத்தனை தடவை போட்டாலும் அதே இடம். சட்டையில் துடைத்தோம், பல்விளக்கும் பேஸ்டைத் தேய்த்தோம், சீனாக்காரி வந்தால் மாற்றிக் கேட்கலாம் என்று காத்திருந்தோம். பாவி, அவள் அந்தப் பக்கமே வரவில்லை.

கோட்டுக்குள்ளே என்ன இருக்கும் என்று வீட்டில் பெரிய பட்டிமன்றமே நடந்தது. விலங்கு என்றான் தம்பி. வேர்க்கடலைப் பொட்டலம் என்றேன் நான். உம்மா, அந்த மனுஷனுக்குத்தான் இருமல் ஆச்சே, கைக்குட்டையாக இருக்கும் என்றாள். மாமா மட்டும் சந்தேகமே இல்லாமல் சொன்னார்: “துப்பாக்கிதான். வேற எதுக்கு அம்புட்டுத் தூரம் தொரத்திக்கிட்டு வரப் போறாக.”

அந்தச் சமயத்தில்தான் வெள்ளைக் கார் வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட பெரிய வண்டி. சாயங்காலமானால் எங்கள் தெருவின் மளிகைக் கடையான பகாலாவுக்கு எதிரே வந்து நிற்கும். உள்ளே ஒரு இளவயது அரபி, கந்தூரா என்கிற நீள வெள்ளை அங்கி போட்டவர். பகாலாவை நடத்திய மலையாளியை, அண்ணன் என்ற அர்த்தத்தில், காக்கா என்போம்; அவரிடம் ஒரு நாள் அந்த அரபி விசாரித்திருக்கிறார். அல் ஐன் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு ஹிந்தி, அதாவது இந்தியாக்காரன், இந்தப் பக்கம் இருக்கிறானா என்று. காக்கா கண்ணைக்கூட இமைக்காமல் “மாஃபி மாலும்” என்றுவிட்டாராம். வாட்ச்மேனைக் கேட்டபோதும் அதே பதில்தான். தெரியாது. தெரியவே தெரியாது.

இந்த ‘மாஃபி மாலும்’ நமக்கெல்லாம் தாய்ப்பால் மாதிரி ஊட்டப்பட்டது, ஞாபகம் இருக்கிறதா? எந்த ஃப்ளாட்டில் எத்தனை பேர் என்று எவர் கேட்டாலும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் பேர் என்ன என்றால் தெரியாது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையால் காப்பாற்றப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ. அன்றைக்கு வீட்டில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். வந்திருப்பது சிஐடி.

வாப்பாவிடமே அவர் கேட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாயங்கால டூட்டிக்குக் கிளம்பிய வாப்பா, குப்ஸ் ரொட்டி வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்ப என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். சூட்டில் தார் ரோடு செருப்பில் ஒட்டியது. அந்த அரபி காரிலிருந்து இறங்கி நேரே எங்களிடம் வந்து ஸலாம் சொன்னார். பாதி அரபி, பாதி ஹிந்தியில் மெதுவாகப் பேசினார். தோட்டம் என்கிற மஸ்ரா, அப்புறம் அல் ஐன், இந்த இரண்டு சொல் எனக்குப் புரிந்தது. பேசிக்கொண்டே கந்தூராவின் பக்கவாட்டுப் பைக்குள் கையை விட்டார்.

அந்தக் கை வெளியே வரும் வரை வாப்பா நிற்கவில்லை. மாஃபி மாலும் என்று ஒரு சிரிப்போடு சொல்லி, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். ஸலாத்துக்கு முழுசாகப் பதில் சொல்லாமல் வாப்பா போய் நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

இனி மாமா இங்கே இருந்தால் அவருக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து என்று பேசி முடித்தார்கள். பக்கத்து ஊரான அஜ்மானில் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள் என்றார் மாமா. எங்கே என்று சொல்லவில்லை. தெரியாமல் இருப்பதுதான் உங்களுக்கு நல்லது என்றுவிட்டார். ஃபோனிலிருந்து சிம்மைக் கழற்றி உடைத்துப் போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்கு எல்லோரும் போய்த் தெரு காலியாகக் கிடந்த நேரம் பார்த்துக் கிளம்பினார். உம்மா ஒரு டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா என்னிடம் “முடிவு தெரிஞ்சா சொல்லு தாயி” என்றார்.

அவர் போன கொஞ்ச நாளில் வெள்ளைக் கார் மறுபடி வந்தது. இந்தத் தடவை அந்த அரபி காரில் உட்கார்ந்திருக்கவில்லை. பகாலா வாசலில், காலி முட்டைத் தட்டுகளுக்குப் பக்கத்தில், வெயிலில் நின்றுகொண்டிருந்தார். காக்காவுக்கே மனசு கேட்காமல் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்திருக்கிறார். அப்போதுதான் முழுக் கதையும் வெளியே வந்தது. அவர் போலீஸும் இல்லை, சிஐடியும் இல்லை. தோட்டத்து முதலாளியின் மகன். தகப்பனார் ஆஸ்பத்திரியில், இன்றோ நாளையோ என்று கிடக்கிறார். என்னிடம் வேலை பார்த்தவர்களில் யாருக்காவது ஹக்கு, கொடுக்கவேண்டிய பாக்கி, இருந்தால் நான் மௌத்தாகிக் கண்ணை மூடுமுன் தீர்த்து, அவர்களிடம் பொருத்தம், மன்னிப்பு, கேட்டுவிட்டு வா என்று மகனை அனுப்பியிருக்கிறார். பெட்டியைத் திறந்தால் மாமாவின் பாஸ்போர்ட் இருந்திருக்கிறது. லீவு கேட்ட சங்கதியே கிழவருக்கு அப்போதுதான் தெரிந்ததாம். தோட்டத்தில் மாமாவுடன் வேலை பார்த்த ஒருவர், அவன் இந்த பகாலாவுக்குப் பின்னால்தான் எங்கேயோ இருக்கிறான் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

வாப்பாவைக் கடையிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்த மகன் கந்தூராப் பையில் கையை விட்டார்; இந்தத் தடவை அந்தக் கை வெளியே வந்தது. நீல பாஸ்போர்ட். அமானிதமாக, பத்திரமாக வைத்திருங்கள், அவன் கிடைத்ததும் எனக்கு ஃபோன் செய்யுங்கள் என்று வாப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வாப்பா வீட்டுக்கு வந்து அதைத் தரையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ‘அன்னைக்கே கையில கொண்டு வந்துருக்காரு புள்ள’ என்று உம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். வாப்பா அழுது நான் முதல் தடவை பார்த்ததும் அன்றைக்குத்தான். உம்மா பாஸ்போர்ட்டைத் தன் கல்யாணச் சேலைக்குள் சுற்றி அலமாரியில் வைத்தாள்.

அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் தேடல்தான். காக்காவின் டெலிவரி வண்டியில் அஜ்மானுக்குப் போவோம். தனியாகப் போனால் சந்தேகப்படுவார்கள் என்று என்னையும் தம்பியையும் வாப்பா முன்னால் உட்கார்த்திக்கொள்வார். ஆனால் இஸ்திரி போட்ட சட்டையும் கண்ணாடியுமாக ஒருவர் வந்து, முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள், டைல்ஸ் வேலை, பேப்பர் இல்லாதவர் என்று விசாரித்தால் எவன் வாய் திறப்பான்? தொழிலாளர் கேம்ப் வாசலில் தெரியாது. சலூனில் தெரியாது. கஃபத்தீரியாவில் தெரியாது. நம்ம தமிழ் ஆட்களே வாப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு மாஃபி மாலும் என்றார்கள். வாப்பாவை சிஐடி என்று நினைத்துவிட்டார்கள், அடக் கடவுளே. வண்டிக்குத் திரும்பும்போது வாப்பா சிரிப்பார். சிரிப்பா அது.

ஒரு வெள்ளிக்கிழமை, தமிழ் ஆட்கள் நடத்திய ஒரு சின்னக் கஃபத்தீரியா. டீ மாஸ்டர் கேள்வி முடியும் முன்பே அப்படி யாரும் இங்கே இல்லை பாய் என்றுவிட்டார். அந்த வேகத்திலேயே எனக்குத் தெரிந்தது, இவருக்கு மாமாவைத் தெரியும். வாப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாசல் வரை வந்தவர் திரும்பிப் போனார்.

“சரி, தெரியாட்டி பரவால்ல. எப்பயாச்சும் ஆளப் பாத்தீகன்னா ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கோட்டுக்குள்ள இருந்தது துப்பாக்கி இல்லையாம்.”

டீ மாஸ்டர் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நானும் வாய் பிளந்து நின்றேன். அந்தப் படம் ஓடிய அத்தனை வெள்ளிக்கிழமையும் வாப்பா துண்டுக்குள் தூங்குகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்? துண்டுக்கு அடியில் கிடந்து என் அரைகுறைத் தமிழில் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார் மனுஷன்.

அடுத்த வெள்ளி, சோறு பரிமாறும் நேரத்தில் பெல் அடித்தது. மாமா. ஆள் பாதியாகிப் போயிருந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே வராமல், வாப்பாவைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

“அப்ப என்னதான் பாய் எடுத்தான்?”

வாப்பா உள்ளே போய் உம்மாவின் சேலைக்குள்ளிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தார். மாமா பிரித்துத் தன் ஃபோட்டோவைப் பார்த்தார். அதில் அடர்த்தியான மீசையோடு, யாரையோ அடிக்கப் போகிறவர்போல முறைத்துக்கொண்டிருந்தார். அப்படியே வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வாப்பா நடந்தது எல்லாவற்றையும் சொன்னார். தெரியாது என்று சொன்னது நான்தான் தம்பி, என்னைப் பொறுத்துக்க என்றார்.

“நீங்கள்லாம் தெரியாதுன்னு சொன்னதுனாலதான் பாய் நான் இத்தன நாளு வெளிய இருந்தேன்” என்றார் மாமா. “இதுக்கு எதுக்கு அழுகுறீக.”

ஆனால் இதில் ஒரு ஆறாத குறை உண்டு. ஃபோன் செய்தபோது அந்த மகன் சொன்னார், தகப்பனார் இரண்டு நாள் முன்னால் மௌத்தாகிவிட்டார் என்று. மாமாவைத் தானே வந்து அழைத்துப்போய், ஓடிப்போனவர் என்று இருந்த கேஸை முடித்து, டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார். போகிற வழியில் கிழவரை அடக்கிய கபுருக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, என் வாப்பாவைப் பொறுத்துக்கொண்டதாக இங்கே நின்று ஒரு வார்த்தை சொல் என்று கேட்டாராம். மாமா மணலைப் பார்த்து, கலாஸ் அர்பாப், முடிஞ்சுபோச்சு மொதலாளி, மனசுல ஒண்ணுமில்ல என்று தமிழும் அரபியுமாகச் சொல்லியிருக்கிறார். கிழவர் உயிரோடு கேட்கவேண்டிய வார்த்தை அது. எங்கள் வாப்பாவுக்கு இன்றைக்கும் அது நெஞ்சில் கிடக்கிறது. புனிதமான பெரிய இரவுகளில் தொழுது துஆ கேட்கும்போது, முகமே பார்த்திராத அந்தக் கிழவருக்கும் சேர்த்துத்தான் கேட்பார்.

மாமா ஊர் போய்ச் சேர்ந்த அன்று மகள் அவரைக் கண்டு பயந்து ஓடி, ஃபோனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாளாம். அவர் வெளியே போய் நின்று அந்த ஃபோனுக்கே கூப்பிட்டுப் பேசி, பேசிக்கொண்டே வீட்டுக்குள் வந்தாராம். ஒரே குரல் இரண்டு பக்கமும் கேட்கவும் அந்தப் பிள்ளை திகைத்துப்போய்க் கடைசியில் ஃபோனைக் கீழே வைத்ததாம். இப்போது அவள் வேலைக்குப் போகிறாள்.

வட்டு தொலைந்துவிட்டது. ஃப்ளாட்டைக் காலி செய்தபோது போயிருக்கும். போன மாதம் தூக்கம் வராமல் ஃபோன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தபோது திடீரென்று தொப்பிக்காரன் முகம். அதே படம், பளிச்சென்று. லாட்ஜ் அறை வந்தது, காலுறை வந்தது, ரயில் நிலையம் வந்தது. வேர்க்கடலை கோட்டுக்குள் கையை விட்டார். படம் நிற்கவில்லை. துப்பாக்கிதான் எடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்தபடியே தொப்பிக்காரன் சாய்ந்தான். டிக்கெட் கையிலேயே இருந்தது.

பெருநாளைக்கு மாமா வருஷம் தவறாமல் வாப்பாவுக்கு ஃபோன் செய்வார். இந்த வருஷம் நானும் ஊரில் வாப்பாவோடு இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டோம். பேச்சு சுற்றி அந்தப் படத்துக்கு வந்தது. ஊரில் எல்லாரிடமும் அதன் கதையைச் சொல்லி வைத்திருக்கிறாராம். கடைசியில் போலீஸ்காரர் கோட்டுக்குள்ளிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்து, ரயிலேற்றி விட்டுவிடுவார் என்று. மகள் மட்டும் நம்பமாட்டேன் என்கிறாளாம்.

“நீ முடிவப் பாத்தியா தாயி?”

“பாத்துட்டேன் மாமா” என்றேன். “நீங்க சொல்றதுதான்.”

அந்தப் பக்கம் மாமா மகளைக் கூப்பிட்டு, கேட்டுக்க, கேட்டுக்க என்றார். இந்தப் பக்கம் கட்டிலில் முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்திருந்த வாப்பா, துண்டை விலக்காமலே, கையை நீட்டி என் தலையில் ஒரு தடவை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.